முதல் வெளியீட்டோடு நின்றுவிடும் கணினி விளையாட்டுகள்

கோடை விடுமுறையில் மாணவன் ஒருவன் கணினியில் சிறு விளையாட்டு ஒன்றை உருவாக்குகிறான். ஓடும் உருவம் ஒன்று, தாண்ட வேண்டிய பள்ளங்கள் சில, சேர்க்க வேண்டிய நாணயங்கள் சில. இவ்வளவே அதன் உள்ளடக்கம். பிறரும் ஆடிப் பார்க்கட்டும் என்று அதனை இணையத்தில் வெளியிடுகிறான். பாராட்டும் குறைகூறலும் வந்து சேர்கின்றன. அடுத்த பதிப்பு விரைவில் வரும் என்று அறிவிக்கிறான். அது வருவதேயில்லை. பொழுதுபோக்காக விளையாட்டுகளை ஆக்கும் பெரியவர்களிடத்தும் இந்நிலையைக் காணலாம். சோம்பலே காரணம் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் முதல் வெளியீடு வரை அயராது உழைத்த ஒருவர், அதற்கு மறுநாள் சோம்பேறியாகிவிட்டார் என்பது பொருந்தாத விளக்கமாகும்.

இவ்வினா ஆசிரியர்களுக்குப் புறம்பானதன்று. டில்லியில் இயங்கும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், நிரலெழுதுதலை 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஒரு திறன் பாடமாக 2021-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. நிதி ஆயோகின் கீழுள்ள அடல் புத்தாக்க இயக்கம் நாடெங்கும் 10,000 பள்ளிகளில் சோதனைக்கூடங்களை நிறுவியுள்ளது. நிரலெழுதக் கற்கும் குழந்தை முதலில் செய்ய விரும்புவது பெரும்பாலும் ஒரு விளையாட்டையே. அது பாதியில் நிற்கும்பொழுது ஆசிரியர் கூறும் சொல், அக்குழந்தை மறுமுறை முயலுமா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

டில்லியில் ஒரு முன்னுதாரணம்

முதல் வெளியீட்டோடு தளர்ந்த முயற்சிக்குக் கணினிக் காலத்துக்கு முற்பட்ட சான்று ஒன்று டில்லியிலேயே உண்டு. தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் 1950-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது. டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் அதன் முதல் இயக்குநர். அங்கு எம். எல். கய் முதலிய ஆய்வாளர்கள் 1950-களின் தொடக்கத்தில் சூரிய அடுப்பு ஒன்றை வடிவமைத்தனர். மெருகிட்ட அலுமினியக் குழியாடி கதிர்களைக் குவிக்கும். குவியத்தில் வைத்த பாத்திரத்தில் உணவு வேகும். அடுப்பு விற்பனைக்கும் வந்தது; ஆனால் இல்லங்களில் நிலைபெறவில்லை.

அதன் பௌதிகத்தில் பிழையில்லை. சூரிய வெப்பத்தால் உணவை வேகவைக்க முடியுமா என்பது ஆய்வுக்கூடத்தின் கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டது. வெயிலில் நின்று சமைப்பது யார்? சூரியன் நகருந்தோறும் ஆடியைத் திருப்புவது யார்? அந்திக்குப் பின் இரவுணவை எங்ஙனம் சமைப்பது? இவை இல்லத்தின் கேள்விகள். வெளியீட்டுக்குப் பின்னரே இவை முழுமையாக எழுந்தன. ஆக்கியோரின் கேள்வி முடியும் இடத்தில் பயன்படுத்துவோரின் கேள்வி தொடங்குகிறது. கணினி விளையாட்டுகள் நின்றுபோவதும் பெரும்பாலும் இவ்விடத்திலேயே.

பெருகும் இணைகள்

முதற் காரணம் கணிதத்தைச் சார்ந்தது. விளையாட்டில் 10 பொருள்கள் இருப்பின், ஒன்றோடொன்று மோதக்கூடிய இணைகள் 45. பொருள்களை 20 ஆக்கினால் இணைகள் 90 அல்ல, 190 ஆகின்றன. ஒவ்வோர் இணையும் பிழை தோன்றக்கூடிய இடம். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு புதுமையை வேண்டுகின்றனர். ஒவ்வொரு புதுமையும் முன்னிருந்த யாவற்றோடும் உறவு கொள்கிறது. உழைப்பு இருமடங்காகும் என்று எண்ணியவர், அது நான்கு மடங்குக்கு மேலாவதைக் காண்கிறார்.

இரண்டாவது, சேமிப்புக் கோப்பு. ஆட்டத்தை நிறுத்திய இடத்திலிருந்து பின்னர் தொடர, அதன் நிலை ஒரு கோப்பில் பதிவாகிறது. வெளியீட்டுக்கு முன் ஆக்கியோர் அதன் அமைப்பை விரும்பியவாறு மாற்றலாம். வெளியீட்டுக்குப் பின்னரோ, மாற்றினால் ஆடுவோரின் பல மணி நேர ஆட்டம் அழிந்துபோகும். மாற்றாவிடில் பழைய தவற்றின் மீதே புதியதைக் கட்டவேண்டும்.

அசையும் அடித்தளம்

விளையாட்டு தானாக நிற்பதன்று. பிறர் அமைத்த மென்பொருள்களின் மீது நிற்கிறது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை முடித்துக்கொண்டபொழுது, அதனை நம்பியிருந்த எண்ணற்ற சிறு விளையாட்டுகள் உலாவிகளில் இயங்காதொழிந்தன. கோடோ என்னும் கட்டற்ற எஞ்சினின் நான்காம் பதிப்பு 2023-இல் வந்தது. முந்திய பதிப்பில் எழுதியவற்றைப் புதியதற்கு மாற்றத் தனி உழைப்பு தேவைப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் யூனிடி நிறுவனம், நிறுவப்படும் பிரதிகளைக் கணக்கிட்டுக் கட்டணம் பெறப்போவதாக அறிவித்து, 2024-இல் அதைக் கைவிட்டது. சம்பளம் பெறும் குழு இத்தகைய மாறுதல்களைத் தாங்கும். இரவில் ஒரு மணி நேரம் மட்டும் உழைக்கும் தனியாள் தாங்குவது அரிது.

செலவும் உண்டு. ஸ்டீம் தளத்தில் விளையாட்டு ஒன்றுக்கு 100 டாலர், ஆப்பிள் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் 99 டாலர், கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர் கட்டவேண்டும். கூகுள் தளத்தில் 2023 நவம்பருக்குப் பின் தனிநபர் கணக்குத் தொடங்கியோர், குறைந்தது 12 பேரைக் கொண்டு 14 நாள்கள் தொடர்ந்து சோதிக்கவும் வேண்டும்.

வாக்குறுதியின் பாரம்

ஸ்டீம் தளம், முற்றுப்பெறாத விளையாட்டுகளை முன்கூட்டியே விற்கும் முறையை 2013-இல் தொடங்கியது. விற்பனை மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருப்பினும் பணியைத் தொடர இயலாதவர் இம்முறையில் இறங்கலாகாது என்று அத்தளமே அறிவுறுத்துகிறது. ஓராண்டுக்கு மேல் புதுப்பிக்கப்படாதவற்றின் பக்கத்தில் வாங்குவோருக்கு எச்சரிக்கை காட்டும் வழக்கத்தை 2025-இல் மேற்கொண்டது.

விலை கொடுத்தோர் விடை கேட்பது நியாயமே. எனினும் தனியாளின் தோள் அதைத் தாங்குமா என்பது வேறு வினா. ஜெர்மனியைச் சேர்ந்த வோல்ஃப்ராம் ஃபான் ஃபுங்க் தம் துணைவியுடன் ஆக்கிய கியூப் வேர்ல்டின் முன்பதிப்பு 2013 ஜூலையில் விற்பனைக்கு வந்தது. உடனேயே அவர்களுடைய விற்பனைத் தளம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதுமுதல் மனக்கலக்கத்தாலும் சோர்வாலும் அவதியுற்றதாக அவரே 2019-இல் எழுதினார்; முழு விளையாட்டு அவ்வாண்டில்தான் வெளிவந்தது. அந்நெடிய மௌனத்தைப் பலர் ஏமாற்று எனக் கருதியிருக்கக்கூடும். உள்ளே நிகழ்ந்தது வேறாக இருந்தது.

நிலைத்தவையும் உண்டு. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்னும் சகோதரர் இருவர் டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்பதனை 2002-இல் தொடங்கி, 2006-இல் இலவசமாக வெளியிட்டனர்; ஆடுவோரின் நன்கொடையைக் கொண்டு பணியைத் தொடர்ந்து, 2022-இல் ஸ்டீம் பதிப்பைக் கொணர்ந்தனர். எரிக் பரோன், ஸ்டார்டியூ வேலியைத் தனியொருவராக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து முடித்து, 2016-இல் நிறைவுற்ற வடிவிலேயே விற்பனைக்கு விட்டார். முன்னவர்கள் வெளியீட்டுக்குப் பின் வாழும் வழியைக் கண்டனர். பின்னவர் முடியும்வரை விற்பனையைத் தள்ளிவைத்தார்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

முதலாவது, சிறியதை முடிக்கப் பழக்குதல். லூடம் டேர் என்னும் போட்டி 2002 முதல் இம்முறையில் நடத்தப்பட்டு வந்தது. தனியாளுக்கு 48 மணி நேரம், அதற்குள் ஆடத்தக்க ஒன்று முடிந்தாக வேண்டும். பள்ளியிலும் ஒரு சனி, ஞாயிறைக் கொண்டு இதனை நடத்தலாம்.

இரண்டாவது, வெளியிடுமுன் மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறுதல். பிழைகளைத் திருத்த வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்டு? பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் பணி என்னவாகும்? எந்த வேண்டுகோளை ஏற்பதில்லை என்று முன்னரே முடிவு செய்யப்பட்டுள்ளது? விடை இல்லையெனில், "இதுவே இறுதிப் பதிப்பு" என்று அறிவித்து வெளியிடுவதே நேர்மை.

மூன்றாவது, நிறுத்தும் முறையைக் கற்பித்தல். பணம் பெறாது, வாக்குறுதி தராது, கற்கும் பொருட்டு ஆக்கியதை நிறுத்துவது குற்றமன்று. ஆனால் மௌனமாக நிறுத்தலாகாது. எது முடிந்தது, எது எஞ்சியது, எங்கே தடைப்பட்டது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி, விரும்பினால் நிரலையும் கட்டற்ற உரிமத்தில் பிறருக்கு விட்டுச் செல்லலாம். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தோல்வியுற்ற சோதனையும் பதியப்படுவதைப் போன்றதே இது.

சூரியச் சமையலும் டில்லி அடுப்போடு மறையவில்லை. அடிக்கடி திருப்பத் தேவையில்லாத பெட்டி அடுப்புகள் 1980-களில் அரசு ஆதரவுடன் பரவின. ஆரோவில் பொதுச் சமையற்கூடத்தின் கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள கதிர்க் கிண்ணம் அமைக்கப்பட்டது. பலருக்கு நண்பகல் உணவு ஆக்கும் இடத்தில், யார் எப்பொழுது சமைப்பது என்னும் கேள்விக்கு முன்னரே விடை இருந்தது. மாணவனின் நின்றுபோன விளையாட்டிலும் அடுத்ததற்கான விடை இருத்தல் கூடும். அதனை அவன் எடுத்து நோக்குமாறு செய்வது ஆசிரியரின் பணி.