சோங்கில் ஊறிய எண்ணெய்

எல்ல மலையிலிருந்து வெல்லவாய இறக்கம் வரை, பயிரைத் தின்ன வரும் பன்றியை விரட்டவென்று உரிமத்தோடு வைத்திருக்கும் பழைய ஒத்தைக் குழல் துவக்குகளைக் கழற்றிப் பார்த்தால், இரும்பு பொருந்தும் இடத்தில் மரச் சோங்கு கறுத்து, நகம் வைத்தால் பதியும் அளவுக்கு இளகியிருப்பதுண்டு. பலர் இதை வயதின் அழகு என்கிறார்கள். உண்மையில் இது ஊறல். குழலுக்குள் எண்ணெய் விட்டு, வாய் மேலே இருக்க மூலையில் சாத்தி வைக்கும் பழக்கம்தான் காரணம். மிஞ்சிய எண்ணெய் கீழே வடிந்து, சோங்கின் தலையில் மரநரம்பு வாய் திறந்திருக்கும் வெட்டு முகத்தால் உள்ளே இறங்குகிறது. மறுபடி மெருகு போடுவதற்கு முன் இந்த எண்ணெயை எடுத்தே ஆக வேண்டும்.

எல்லா எண்ணெயையும் எடுக்கச் சொல்லவில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து இறுகி மரத்தோடு ஒன்றாகிவிடும், அது மெருகு. இயந்திர எண்ணெய் எத்தனை வருடமானாலும் காயாது. எண்ணெயின் காயும் தன்மையை அளக்க உதவும் அயோடின் எண் ஆளிவிதைக்கு 170ஐத் தாண்டும், தேங்காய் எண்ணெய்க்கோ 10 அளவுதான். ஆகவே குசினியிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துத் துடைப்பதும் உதவாது. எல்லயின் குளிர்ந்த காலையில் உறைந்து, வெயிலேறினால் திரும்ப இளகும் அது எப்படி மெருகாகும்? காயாத எண்ணெயின் மேல் பூசிய வார்னிஷ் பிசுபிசுத்தே கிடக்கும். அதைவிடப் பெரிய கேடு, இளகிய மரத்தில் ஒவ்வொரு வெடியின் உதைப்பிலும் இரும்பு பின்னுக்கு அழுந்துவது. வெடிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

மழை ஊரில் எண்ணெய்தானே மரத்தைக் காக்கிறது என்று கேட்கலாம். துருவிலிருந்து இரும்பைக் காப்பது உண்மை. மரத்துக்கு அந்த வாதம் செல்லாது. இறுகிய ஆளிவிதை எண்ணெயே காற்றின் ஈரத்தைச் சுமாராகத்தான் தடுக்கும், காயாததைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயை எடுக்கச் சோங்கைக் காஸ்டிக் சோடாவில் போட்டால் ஒரே நாளில் வேலை முடியும் என்பார்கள். முடியும்தான், ஆனால் வால்நட் மரம் கருகியதுபோல் ஆகி நாரும் அரிபட்டுப்போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மரம் இரும்பின் விளிம்புக்குக் கீழே போய்விடும், எண்ணெய் உள்ளே அப்படியே இருக்கும். இரும்பை எல்லாம் கழற்றி, சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்து அப்புவதே பலன் தரும். அசிட்டோன் எண்ணெயைக் கரைத்து மேலே கொண்டுவந்து தான் ஆவியாகிவிடும். எண்ணெய் தூளில் தங்கும். பழுப்பேறிய தூளைத் தட்டிவிட்டு, புதுத்தூள் நிறம் மாறாமல் நிற்கும் வரைக்கும் திரும்பத் திரும்பப் பூச வேண்டும். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யும் வேலை இது. இதற்குப் பிறகும் நிற்கும் கறுப்பு பெரும்பாலும் எண்ணெயல்ல, மரத்தின் துவர்ச்சத்தும் இரும்பும் சேர்ந்த கறை. அதற்கு மருந்து வேறு.

பழம்பொருளைக் கெடுக்கலாமா என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. 1765இல் கண்டியில் டச்சுப் படை கொள்ளையிட்டு, 2023இல் நெதர்லாந்து திருப்பிக் கொடுத்த ஆறு பொருட்களில் இரண்டு மகா துவக்குகளும் உண்டு. அவற்றின் அழுக்கும் சாட்சியம். பழம்பொருள் பாதுகாப்பு நிபுணரைத் தவிர யாரும் தொடக்கூடாது. நான் சொல்வது இன்னும் வெடிக்கிற துவக்கைப் பற்றி.

எண்ணெய் போன மரத்தை, ஐப்பசி கார்த்திகை மழையில் என்றால் கூடுதலாகவே, நிழலில் உலரவிட்டு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்க்கலாம். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம். எண்ணெய் காயும்போது எழும் சூட்டிலேயே அது தீப்பிடிக்கலாம். தண்ணீரில் அமிழ்த்துங்கள், இல்லாவிட்டால் வெளியே விரித்துப் போடுங்கள்.