படித்துவிட்டீர்களா, ‘சோளகர் தொட்டி’?

ஜவ்வாது மலை நேயர்களே, படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு நாவல். ச. பாலமுருகன் எழுதி 2004-இல் வெளிவந்த ‘சோளகர் தொட்டி’. கதை நடப்பது சத்தியமங்கலம் பக்கத்துக் காட்டில், சோளகர் பழங்குடிகளின் ஊரில். ஆனாலும் ராகிக் கொல்லை, தேனெடுப்பு, சாமி கும்பிடு என்று முதல் பாதி போகும்போது, ‘அட, இது நம்ம ஜமுனாமரத்தூர் பக்கமோ’ என்றிருக்கும். பிறகு வருகிறது, சந்தனக் கடத்தல் வீரப்பனைப் பிடிக்க போலீஸ் நடத்திய தேடுதல் வேட்டை. காட்டை நம்பிப் பிழைத்த சிவண்ணா தலைமறைவாகத் திரிய, மனைவி மாதி அதிரடிப்படை முகாமில் சிக்குகிறாள். எழுதியவர் வழக்கறிஞர், மனித உரிமைச் செயல்பாட்டாளர். அழவைக்க அவர் மெனக்கெடவே இல்லை. நடந்ததைச் சொல்லிக்கொண்டே போகிறார். நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. தூங்கப் போகும் நேரத்தில் மட்டும் அந்த இரண்டாம் பாதியைத் தொடாதீர்கள்.