பழைய கட்டில், கதவில் ஒரு விதைப் பெட்டி

பழைய வீட்டைப் பிரிக்கும்போது ஓடு, உத்திரம், நிலை எல்லாவற்றுக்கும் விலை பேச ஆள் வந்துவிடும். மூலையில் கிடக்கிற கால் ஆடும் கட்டில், கீல் போன கதவு, இழுப்பறை சிக்கிய மேசை ஆகியவற்றை மட்டும், "விறகுக்குத்தான் ஆகும், மொத்தமா ஒரு ரேட் சொல்லுங்க" என்பார் வியாபாரி. நாமும் கொடுத்துவிடுகிறோம். அந்த வருஷமே விதைநெல் மூட்டையை எலி கடித்துவிட்டது என்று டிரம் வாங்க டவுனுக்குப் போகிறோம். விறகுக்குப் போன அந்த மரத்திலேயே வீட்டுக்கு வேண்டிய தானியப் பெட்டி இருந்தது.

தானியப் பெட்டிக்குப் புது மரத்தைவிடப் பழைய மரமே உகந்தது. ஈரம் முழுசாகக் காயாத புதுப் பலகையில் பெட்டி செய்தால், ஒரு கோடை முடிவதற்குள் மரம் சுருங்கி, பலகைக்குப் பலகை இடுக்கு விழும். வண்டு நுழைய நூலளவு இடுக்கு போதும். சுண்டெலிக்கு விரல் பருமன்கூட வேண்டியதில்லை. நாற்பது, ஐம்பது வருஷம் வீட்டுக்குள் கிடந்த பலகை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். மழைக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் அசையுமே தவிர, வாய் பிளக்காது.

எதை எடுப்பது, எதைத் தள்ளுவது

தேக்கு, வேங்கை, பலா, வேம்பு, பூவரசு எதுவானாலும் வைரம் பாய்ந்த பகுதியாக இருக்கட்டும். ஓரத்தில் வெளுத்துத் தெரியும் வெள்ளைக் கட்டையை அறுத்துத் தள்ளிவிடுங்கள். பூச்சியும் கரையானும் முதலில் அதைத்தான் பிடிக்கும். பலகையில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள் இருந்து, தட்டினால் மாவு மாதிரி தூள் கொட்டினால், உள்ளே புழு இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தப் பலகை தேக்கே ஆனாலும் வேண்டாம். பிளைவுட்டும், மரத்தூளை அழுத்திச் செய்த அட்டைப் பலகையும் ஈரம் பட்டால் உப்பிவிடும். அதில் பெட்டி செய்வது வீண் வேலை.

பெயின்ட் அடித்த மரத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கிளம்பும் தூசு, குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். பெயின்ட் உரியும் பலகையைத் தானியப் பெட்டிக்குச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. பூச்சிமருந்து டப்பா வைத்திருந்த அலமாரியையும் தொடாதீர்கள். மரம் மருந்தைக் குடித்திருக்கும், கழுவினாலும் போகாது.

சித்திர வேலைப்பாடு உள்ள கதவு கிடைத்தால் அதை அறுக்க வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு, தூண், நிலை வாங்கி விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் விலை கேட்டுவிட்டு, அந்தப் பணத்தில் சாதாரணப் பலகை வாங்கிக்கொள்ளலாம்.

கட்டிலே அடித்தளம்

பெட்டி தரையில் உட்காரக் கூடாது. தரை ஈரம் ஏறும், கரையானும் ஏறும். அதனால் ஒற்றைக் கட்டிலைச் சின்னதாக்கி மேடை செய்துகொள்வதுதான் சுலபமான வழி. காலில் துளை ஏற்கெனவே இருக்கிறது, சட்டத்தின் முனையில் நாக்கும் இருக்கிறது. ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு முனையை அப்படியே விட்டு, மறுமுனையை மட்டும் வேண்டிய நீளத்துக்கு அறுத்துப் புதிதாக நாக்கு எடுத்தால் போதும். பழைய மூட்டுகளை வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருப்பார்கள். சுத்தியலால் அடித்துப் பிரித்தால் நாக்கு முறியும். சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் பசை இளகிக் கழன்றுவிடும். காலின் தலை சட்டத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அறுத்து மட்டமாக்குங்கள்.

பெட்டியின் உள் அளவு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் ஏறக்குறைய 250 கிலோ நெல் பிடிக்கும். அகலம் 2 அடிக்கு மேல் போனால் மூலையைப் பெருக்கக் கை எட்டாது. இத்தனை எடை உட்காருவதால், அடிப்பலகைக்குக் கீழே அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். அறுத்து மிஞ்சிய கட்டில் சட்டமே அதற்கு ஆகும்.

சுவருக்கு, முழுப் பலகைகளைச் சேர்த்துச் செய்த கதவுதான் ஏற்றது. நடுவில் மெல்லிய பலகை சொருகிய கதவில் சொருகிய இடமெல்லாம் இடுக்கு. வண்டு குடியிருக்க வசதி. பலகைகளைக் காடியும் நாக்குமாகக் கோத்து, தாங்கு சட்டங்களை வெளிப்பக்கம் வையுங்கள். உள்பக்கம் வழவழவென்று இருந்தால்தான் பழைய தானியம் தங்காமல் பெருக்க முடியும். ஆணிக்குப் பதில் திருகாணி போட்டால், வீடு மாற்றும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.

மேசை இழுப்பறைகளை, அவை ஓடுகிற சட்டத்தோடு சேர்த்தே கழற்றுங்கள். சட்டம் இல்லாத இழுப்பறை வெறும் தட்டுதான். மேடைக்கு அடியில் அவற்றைப் பொருத்தினால் கத்தரி, வெண்டை, கீரை விதைப் பொட்டலங்களைத் தனித்தனியே வைக்கலாம்.

மூடியை ஒரே கதவாகப் போட வேண்டாம், கனம் தாங்காது. இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். வெளியே கொண்டியும் பூட்டும் கட்டாயம். கண்ணாமூச்சி விளையாடும் பிள்ளைகள் காலிப் பெட்டிக்குள் இறங்கி, மூடி விழுந்து மாட்டிக்கொண்டால் மூச்சுமுட்டிப்போகும். பெட்டி காலியாக இருக்கும் மாதங்களில்தான் பூட்டு அதிகம் தேவை.

ஆசாரி வருவதற்கு முன்

பழைய மரம் என்றாலே பல ஆசாரிகள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு ஆணி இழைப்புளியின் அலகைக் கெடுத்துவிடும். ஆணிகளை நீங்களே பிடுங்கி வையுங்கள். பிறகு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பலகை முழுக்க நகர்த்திப் பாருங்கள். இழுக்கிற இடத்தில் சாக்பீஸ் குறி போடுங்கள். பலகைகளைக் கனம் வாரியாகவும் அடுக்கி வைத்தால், நாள் கூலியில் மரம் பொறுக்கும் நேரம் மிச்சம்.

உள்பக்கம் வார்னிஷும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம். கால்களுக்கும் அடிப்பாகத்துக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினால் கரையான் அண்டாது. அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையுறை அவசியம். எலி கடிப்பது பெரும்பாலும் மூலையையும் கீழ் ஓரத்தையும்தான். பழைய எண்ணெய் டின்னை வெட்டி, அந்த இடங்களில் வெளிப்பக்கம் தகரப் பட்டை அடித்துவிடுங்கள். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வைத்தால் பின்பக்கமும் பார்வையில் இருக்கும்.

மரப்பெட்டி காற்றுப்புகாத பாத்திரம் ஆகாது. விதைச் சான்று விதிப்படி நெல் விதையில் ஈரம் 13 சதவிகிதத்துக்குள்ளும், பயறு விதையில் 9 சதவிகிதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். நெல், கேழ்வரகு போன்றவற்றுக்கு மரப்பெட்டி பொருந்தும். உளுந்து, பாசிப்பயறு விதையை நன்றாகக் காயவைத்து, இறுக்கமாக மூடும் டின்னில் போட்டு, அந்த டின்னைப் பெட்டிக்குள் வையுங்கள். ஐப்பசி மழை நின்றதும் நெல்லை ஒருமுறை வெளியே எடுத்து வெயில் காட்டுங்கள். அன்றைக்கே பெட்டியையும் திறந்துபோட்டு, மூலைகளைத் துடைப்பத்தால் பெருக்கி, காயவைத்துவிடலாம்.