கரண்ட் வந்த பிறகு கருப்புத் திரை

திருப்பூரில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். மாலையில் கரண்ட் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் திரை கருப்பு. பழி மின்தடைமேல் விழும். பிரிண்ட் டிசைன் போடும் அந்த உபுண்டு லினக்ஸ் சிஸ்டத்தில் என்விடியா கார்டு இருந்தால், கெர்னல் எப்போது மாறியது என்று முதலில் பாருங்கள். உபுண்டு பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகவே இறக்கிவிடும். புதிய கெர்னல் வேலைக்கு வருவது அடுத்த ரீஸ்டார்ட்டில்தான். வாரக்கணக்கில் அணைக்காத மெஷினில் கோளாறு அதுவரை வெளியே தெரியாது.

கெர்னல்தான் லினக்ஸின் மையம். இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் அதனுடனேயே வருகின்றன. என்விடியாவின் டிரைவர் வெளியிலிருந்து வந்து மாட்யூலாகச் சேர்கிறது. ஒரு கெர்னலுக்குக் கட்டிய மாட்யூல் இன்னொன்றில் ஏறாது. 24 கேஜ் ஊசியை 28 கேஜ் சிலிண்டரில் போட முடியுமா? ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலைத் தானாகக் கட்டித் தரவே டெல் பொறியாளர்கள் 2003இல் டிகேஎம்எஸ் என்ற கருவியை எழுதினார்கள்.

அது தவறும் இடங்கள் சில. கெர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டால் கட்ட முடியாது. அடிக்கடி நடப்பது இதுதான். செக்யூர் பூட் இயங்கினால், மாட்யூலின் கையொப்பச் சாவியைப் பதியச் சொல்லி ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வரும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் மாட்யூல் கட்டப்பட்டிருந்தும் ஏறாது. ஜிடி 710 போன்ற பழைய கார்டுகள் 470 வரிசை டிரைவரோடு நின்றுவிட்டன. அதற்கான என்விடியாவின் ஆதரவும் 2024இல் முடிந்தது. அதனால் புதிய கெர்னலுக்கு அது கட்டப்படாமல் போகலாம். திரையில் படம் தெரிந்தால் போதும் என்பவர்கள் இவற்றுக்கு நூவோ என்ற திறந்தமூல டிரைவரையே வைத்துக்கொள்ளலாம். இதற்காகப் புதுக் கார்டு வாங்குவது வீண் செலவு.

சிஸ்டத்தை ஃபார்மேட் செய்ய யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரீஸ்டார்ட் செய்து, கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதற்குரிய மாட்யூல் அங்கேயே இருப்பதால் அன்றைய வேலை ஓடிவிடும். பிறகு புதிய கெர்னலுக்குரிய ஹெடரை நிறுவி, டிகேஎம்எஸ்ஸின் 'ஆட்டோஇன்ஸ்டால்' கட்டளையை ரூட் உரிமையோடு, புதிய கெர்னலின் பெயரைக் குறிப்பிட்டு ஓட்டுங்கள். பெயரை விட்டால் இப்போது ஓடும் பழைய கெர்னலுக்கே கட்டும். முடிந்ததும் 'ஸ்டேட்டஸ்' கட்டளையில் புதிய கெர்னலுக்கு நேராக 'இன்ஸ்டால்டு' என்று வர வேண்டும். வராவிட்டால் காரணம் டிகேஎம்எஸ் எழுதிவைத்த லாக் கோப்பில் இருக்கும். அதன் கடைசி வரிகளைவிட முதலில் வரும் 'எரர்' வரிதான் உபயோகப்படும்.

ஷிப்மெண்ட் வாரத்தில் அப்டேட்டை நிறுத்திவையுங்கள். ஷிப்மெண்ட் போனதும் அப்டேட் செய்து, அன்றே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.