ஒரு ரூபாய்க்கு ஒரு இட்லி! ஊரார் பசி தீர்த்த பாட்டியின் கடை

மணமேல்குடி போன்ற கடற்கரை ஊர்களில் பொழுது விடியும் முன்பே கண் விழிப்பது எது தெரியுமா? இட்லிக் கடைதான்!

ஊர் உறங்கிக் கொண்டிருக்கும். ரோட்டோரக் கொட்டகையில் மட்டும் அடுப்பு எரியும். கடைக்குப் பெயர்ப்பலகை இருக்காது. உட்கார ஒரு பெஞ்சு, அவ்வளவுதான்.

கடலில் இருந்து கரை திரும்பியவர் அங்கே வருவார். மீன் கூடை தூக்கும் பெண் வருவாள். முதல் பஸ்சுக்குப் போகிறவரும் வருவார். எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே சட்னி.

"அண்ணே, இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?" என்று கடைக்கார அம்மாள் கேட்பாள். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பசி தீர்ந்துவிடும்!

முதல் நாள் வேலை

காலையில் தின்னும் இட்லிக்கு வேலை முதல் நாளே தொடங்கிவிடுகிறது. அரிசியையும் உளுந்தையும் ஊற வைக்க வேண்டும். தனித்தனியாக அரைத்து, உப்புப் போட்டுக் கலந்து வைக்க வேண்டும்.

இரவெல்லாம் மாவு புளிக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அப்போது உண்டாகும் காற்று மாவைப் பொங்க வைக்கிறது. அதனால்தான் இட்லி பூப்போல இருக்கிறது. ஆவியில் வேகும் பண்டம் ஆதலால், குழந்தையும் தின்னலாம். காய்ச்சலில் கிடந்து எழுந்தவரும் தின்னலாம்.

கோவைப் பாட்டி

இப்படிப்பட்ட கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் ஒரு கடையின் புகழ் மட்டும் நாடெங்கும் பரவியது.

கோவை மாவட்டத்தில், ஆலாந்துறை பக்கத்தில் இருக்கிறது வடிவேலம்பாளையம் கிராமம். அங்கே இட்லிக் கடை நடத்தியவர் கமலாத்தாள் பாட்டி. ஆட்டுக்கல்லில் மாவு அரைத்து, விறகு அடுப்பில் இட்லி வேக வைத்தார். முதலில் ஒரு இட்லி 50 காசு. பிறகு ஒரு ரூபாய். சாம்பாரும் சட்னியும் உண்டு!

2019-ம் ஆண்டு செப்டம்பரில் இந்தச் செய்தி நாடெங்கும் பரவியது. அப்போது பாட்டிக்கு வயது 80-க்கு மேல். தொழிலதிபர் ஆனந்த் மகிந்திராவும் பாட்டியைப் பாராட்டி எழுதினார். பாட்டிக்குக் கியாஸ் அடுப்பு கிடைத்தது. 2022-ம் ஆண்டு அன்னையர் தினத்தன்று புது வீடும் கிடைத்தது.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. பலருக்கு வேலை போயிற்று. அப்போதும் பாட்டி விலையை ஏற்றவில்லை.

ஏன் ஒரு ரூபாய்?

2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்திலும் ஒரு இட்லி ஒரு ரூபாய்தான். ஆனால் அது அரசாங்கம் நடத்திய கடை. பாட்டிக்கு யார் இருந்தார்கள்? அவருடைய கைகள்தான்! கடைக்குத் தனி வாடகை இல்லை; கூலி ஆள் இல்லை. அதனால் விலை கட்டுப்படியாயிற்று.

அப்படியானால் இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. சும்மா வாங்கித் தின்ன உழைப்பாளிக்குக் கூச்சம் வரும். ஒரு ரூபாய் கொடுத்தவரோ தலை நிமிர்ந்து உட்காரலாம். "ஆத்தா, சட்னி இன்னும் கொஞ்சம்!" என்று உரிமையோடு கேட்கலாம். அந்த ஒரு ரூபாய், வயிற்றோடு மானத்தையும் காத்தது.

பாட்டியைப் போல எல்லோராலும் ஒரு ரூபாய்க்கு விற்க முடியாது. உளுந்து வாங்க வேண்டும். விறகு வாங்க வேண்டும். கடைக்காரர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். ஆனாலும் நாலு காசு குறைவாக வைத்து, நாலு பேர் பசி தீர்க்கும் சின்னக் கடைகளுக்கு மதிப்புத் தனிதான். அப்படி ஒரு கடை மூடிவிட்டால், பலர் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

அடுத்த முறை அந்தப் பெஞ்சில் உட்காரும்போது, முதல் நாளே மாவு அரைத்து வைத்த கைகளை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். இட்லி இன்னும் ருசிக்கும்!