உடனிருந்த பொழுதும் ஒரு கொடையே

‘நன்றி’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். புத்தகம் கொடுத்தவருக்கும், வழிகாட்டியவருக்கும், பரிசளித்தவருக்கும் தவறாமல் நன்றி கூறுகின்றோம். ஆனால், நம்முடன் அமர்ந்து பேசிய பொழுதிற்காகத் தாய்க்கோ தந்தைக்கோ பாட்டிக்கோ நன்றி கூறியவர் நம்மில் எத்தனை பேர்? பொருள் கண்ணுக்குத் தெரிகின்றது, பொழுது தெரிவதில்லை. ஆதலின், பொருளைக் கொடை என்கின்றோம். பொழுதைத் தானே வந்தது என்று எண்ணிவிடுகின்றோம். பொழுதும் ஒரு கொடையே என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சொல்லின் பொருளைக் காண்போம். பழந்தமிழில் ‘நன்றி’ என்பதற்கு நன்மை, உதவி என்பன பொருள். ‘செய்ந்நன்றி அறிதல்’ என்றால், பிறர் நமக்குச் செய்த நன்மையை அறிந்திருத்தல் ஆகும். திருவள்ளுவர் இதனைத் திருக்குறளின் 11ஆம் அதிகாரமாக வைத்தார். அவ்வதிகாரம் இல்லறவியலில் அமைந்துள்ளது. மக்கட்பேறு, அன்புடைமை, விருந்தோம்பல், இனியவை கூறல் ஆகியவற்றைச் சொன்ன பின்னரே அவர் இதனைச் சொல்கின்றார். எனவே, நன்றி என்பது வீட்டில் தொடங்கும் அறம் என்று கொள்ளலாம். மேலும், ‘கூறுதல்’ என்னாது ‘அறிதல்’ என்றமையும் நோக்கத்தக்கது. செய்தவர் அந்த நன்மைக்காக என்ன விலை கொடுத்தார் என்பதை உணராமல் எத்தனை முறை நன்றி கூறினும் அது வெறும் ஓசையேயாகும்.

பொழுதிற்கும் விலை உண்டோ என வினவலாம். உண்டு. அதனை நம் தோட்டப்புற வாழ்க்கையே தெளிவாகக் காட்டுகின்றது.

பால்மரக் காடுகள் மிகுந்திருந்த காலத்தில், பொழுது விடியுமுன்னே பெரட்டுக்குச் சென்று, இருள் பிரியும் வேளையில் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் மரம் சீவத் தொடங்கினர். அவ்வளவு விடியற்காலையில் ஏன் செல்ல வேண்டும்? காரணம் மரத்தின் இயல்பிலேயே இருக்கின்றது. பால்மரத்தின் பட்டைக்குள் நுண்ணிய பாற்குழாய்கள் உள்ளன. இரவில் மரம் நீரை நிறைய வைத்திருப்பதால், விடியற்காலையில் அக்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். சீவிய உடனே பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற இலைகளின் வழியே நீர் ஆவியாகிப் போகும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். எனவே, பால் வேண்டுமாயின் மனிதன் மரத்தின் பொழுதிற்கு இணங்கியே ஆகவேண்டும்.

குழந்தை கண்விழிக்கும் அந்த நேரம் மரத்திற்கு உரியதாயிற்று. கைக்குழந்தைகள் தூக்கக் கலக்கத்திலேயே ஆயாக் கொட்டகையில் விடப்பட்டனர். மூத்த பிள்ளைகள் தாமே குளித்து, தம்பி தங்கையருக்குச் சோறிட்டுப் பள்ளிக்குச் சென்றனர். ‘என்னைப் பள்ளிக்கு அனுப்ப அம்மா வாசலில் நிற்பதில்லையே’ என்று அக்குழந்தைகள் ஏங்கியிருக்கலாம். ஆனால், அம்மா மரத்தடியில் நின்றது யாருக்காக? அந்தக் குழந்தையின் சோற்றுக்காகவும் சிலேட்டுக்காகவும் அன்றோ!

மழை நாளையும் எண்ணிப் பாருங்கள். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டின் வழியே ஓடாமல் மரத்தின் மேல் பரந்து வழிந்துவிடும். மங்கிலும் மழைநீர் நிறைந்துவிடும். ஆகவே, மரம் சீவ இயலாது. அன்று அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு அது திருநாள். மரவள்ளிக் கிழங்கு வேகும், கதைகள் பிறக்கும். ஆனால், பால் இல்லாத நாளில் கூலியும் இல்லை அல்லது குறைவு. பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்த அதே வேளையில், மாதக் கடைசியில் கடைக்காரருக்கு என்ன சொல்வது எனப் பெற்றோர் உள்ளத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தனர். அக்கணக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் அவர்களோடு சேர்ந்து சிரித்தனரே, அதுவே பெருங்கொடை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் விலை மேலும் பெரிதாகத் தோன்றும். நம் முன்னோருள் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கினர். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயரை முதியோர் பலர் இன்றும் மறக்கவில்லை. துறைமுகத்தில் கையசைத்த தாயின் முகத்தை மறுமுறை காணாதவர் பலர். கடிதம் வந்து சேருமுன் எழுதியவர் மறைந்துவிட்டதும் உண்டு. பின்னர், 1942–43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சியில், சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் நோயாலும் பசியாலும் மாண்டவர் மிகப் பலர். அவர்களை எதிர்பார்த்து வாசலில் விளக்கேற்றிய குடும்பங்களுக்கு, முன்னர் உடனிருந்த சில ஆண்டுகளே காலமெல்லாம் காக்க வேண்டிய செல்வமாயின.

‘அஃது அந்தக் காலம், இன்று நமக்கென்ன?’ என்று கூறுவாரும் உளர். நம் காலத்திலேயே இப்பாடத்தை நாம் ஒருமுறை கற்றோம். கொரோனா தொற்று காரணமாக 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரே. நாள்தோறும் அதனைக் கடந்து வேலைக்குச் சென்றுவந்தவர்கள் அன்று முதல் முன்போல் கடக்க இயலவில்லை. 2022 ஏப்ரல் 1 அன்று தரைவழி எல்லை முழுமையாகத் திறக்கும் வரை, பெற்றோர் ஒரு கரையிலும் பிள்ளைகள் மறுகரையிலுமாகப் பிரிந்திருந்த குடும்பங்கள் பல. பாட்டனாருக்குக் கப்பற்பயணம் செய்த பிரிவைப் பேரப்பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டர் நீர் செய்தது. தூரம் எவ்வளவு என்பது பொருட்டன்று. உடனிருக்கும் பொழுது எப்போதும் உறுதியானதன்று என்பதே உண்மை.

அவ்வாறாயின், இந்நன்றியை எவ்வாறு காட்டுவது? காலத்தைப் பெற்றவர் காலத்தையே திருப்பித் தருதல் தகும்.

மாணவர்களே! வேலை முடிந்து பெற்றோர் வீடு திரும்பும்போது கைப்பேசியைக் கீழே வைத்து, வாசலுக்கு வந்து முகம் பாருங்கள். ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, அன்றைய வேலை எப்படி இருந்தது எனக் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர்கள் எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், எந்த நிரையில் மரம் சீவினார்கள், யாரைப் பிரிந்து வாழ்ந்தார்கள் எனக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் அறிந்தவற்றை வேறெந்த நூலிலும் நீங்கள் படிக்க இயலாது.

பெற்றோர்களே! நீண்ட நேரம் இல்லையே என வருந்தாதீர்கள். களைப்போடு வந்தாலும், உண்ணும்போது கால் மணி நேரம் பிள்ளையின் பேச்சைக் கேளுங்கள். மழைநாள் மரவள்ளிக் கிழங்கை ஐம்பது ஆண்டுகளாக மறவாதவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் நினைவில் நிற்பது கிழங்கின் சுவையன்று. அதனைத் தோலுரித்துத் தந்த கைகளே.

கொடுத்த பொருள் தேய்ந்து போகும். உடனிருந்த பொழுது நெஞ்சில் நிலைத்து நிற்கும். அப்பொழுதை நமக்குத் தந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதன் விலையை அறிவோம்; அறிந்ததைச் செயலில் காட்டுவோமாக!