ரசாயனமும் மாணவர் மனமும்

மேட்டூரில் ரசாயன ஆலையும், சேலத்து மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கமும் கண்ணெதிரே இருந்தும், சேலம், நாமக்கல் சமவெளிக் கிராமங்களிலிருந்து ரசாயனம் பயிலக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுள் சிலர், பியூரெட்டின் திருகைத் தொட்ட மாத்திரத்தில் விரல் நடுங்கி, குடுவையில் இளஞ்சிவப்பு தோன்றும் அந்த ஒரு துளியைத் தாண்டிவிடுகிறார்களே, அது புத்தியின் குறையன்று, பயமே.

இந்தப் பயத்தோடு, ரசாயனத்தின் மீதுள்ள விருப்பு வெறுப்பாகிய மனோபாவத்தையும் அளக்கலாம். 1932-இல் அமெரிக்கரான ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்த முறைப்படி, கொடுத்த கூற்றொன்றுக்கு 'முற்றிலும் சம்மதம்' முதல் 'முற்றிலும் மறுப்பு' வரை ஐந்து படிகளுள் ஒன்றை மாணவர் குறிப்பார். 1977-இல் ஆல்பர்ட் பண்டூரா விளக்கிய, 'என்னால் முடியும்' என்னும் தன்னம்பிக்கையோ வேறு விஷயம். ஆதலின் 'ரசாயனம் பிடிக்குமா?' என்பதையும், 'கரைசலின் செறிவை நீயே கணக்கிடுவாயா?' என்பதையும் தனித்தனியே கேட்க வேண்டும். பிடித்திருந்தும் அஞ்சுவோர் உண்டு.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த பரீட்சைக்கு முன், பெயர் எழுதாத தாளொன்றில் இவற்றைத் தமிழிலேயே கேட்டுப் பாருங்கள்.